எட்டுப் பேர் மேசையில் நான் மட்டும் தனியாக இருந்தேன்

கேள்வி: மேடம், எனக்கு வயது 34. சொந்த ஊர் தென்காசி பக்கம், அப்பா விவசாயம். சென்னையில் பதினோரு வருடமாக ஐ.டி. வேலை, ஆலந்தூரில் தனியாக வீடு எடுத்து இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. வரன் பார்த்துப் பார்த்து வீட்டில் சோர்ந்துவிட்டார்கள், நானும்தான். தோழிகள் எல்லோரும் குழந்தை, பள்ளிக்கூடம் என்று போய்விட்டார்கள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர் கேன் போடும் தம்பியைத் தவிர யாரிடமும் பேசியிருக்க மாட்டேன். போன மாதம், முன்பின் தெரியாத எட்டுப் பேர் ஓர் உணவகத்தில் சேர்ந்து சாப்பிடும் ஏற்பாட்டில் பணம் கட்டிச் சேர்ந்தேன். தனியாக இருப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். நீள மேசையில் எனக்குக் கிடைத்தது ஓரத்து நாற்காலி. பாட்டுச் சத்தம் வேறு. ஒருவரே பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் "நீங்க ப்யூர் வெஜ்ஜா?" என்றார், அப்புறம் ஊரைக் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்றும் கேட்டார். கடைசியில் "ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?" நான் சாப்பிட்டது ரொட்டியும் பனீரும் ஒரு லைம் சோடாவும், பில்லை எட்டாகப் பிரித்ததில் 1,900 ரூபாய் கொடுத்தேன். எதிரில் இருந்த பெண் மட்டும் மொட்டைமாடித் தோட்டம் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி வந்துவிட்டதாம், வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னேன். நம்பர் வாங்கிக்கொண்டு "ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்றார். மரியாதைக்குச் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்குப் பழகத் தெரியவில்லையா? மறுபடி போகலாமா? அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, அதுவும் உறுத்துகிறது.

– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: அன்புள்ள தோழிக்கு,

ஒரு மாதமாக நீங்கள் சுமந்துகொண்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பழகத் தெரியும். எப்படிச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது, கடைசியில் அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்த மேசையைப் பற்றிப் பேச வேண்டும். அன்று நடந்ததில் பெரும்பங்கு அந்த மேசையால் நடந்தது, அதை நீங்கள் உங்கள் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரே பேச்சில் எத்தனை பேர் சேர்ந்து இருக்க முடியும் என்பதை பிரிட்டனில் ராபின் டன்பார் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1995-இல் எழுதியிருக்கிறார்கள். மனிதர்கள் தாமாகக் கூடி நின்று பேசும் இடங்களுக்குப் போய் எண்ணிப் பார்த்தபோது, ஒரு பேச்சில் சுமார் நான்கு பேர் வரைதான் தாங்குகிறது, அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. நம் வீட்டு விசேஷங்களை நினைத்துப் பாருங்கள், திண்ணையில் ஐந்தாவது ஆள் வந்து உட்கார்ந்ததும் யாரோ இரண்டு பேர் தனியாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எட்டுப் பேரை நீள மேசையில் வைத்தால் அங்கே இரண்டு மூன்று பேச்சுகள் நடக்கும், நடுவில் இருப்பவருக்கு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்ப முடியும், ஓரத்தில் இருப்பவருக்குப் பக்கத்தில் ஒருவர், எதிரில் ஒருவர், அவ்வளவுதான். உங்களுக்குப் பக்கத்தில் அமைந்தவர் துருவிக் கேட்கும் ஆள். இதில் பாட்டுச் சத்தமும் சேர்ந்தால் மேசையின் அந்தக் கோடியில் இருப்பவர் சிரிப்பது தெரியும், ஏன் சிரிக்கிறார் என்பது காதில் விழாது. எவ்வளவு கலகலப்பான ஆளாக இருந்தாலும் அந்த நாற்காலியில் பாதி ஊமையாகத்தான் இருந்திருப்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. தெரியாதவர்களோடு சாப்பிடுவது நமக்குப் புதிதே கிடையாது. கல்யாணப் பந்தியில் நாம் எத்தனை அந்நியர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம்! ஆனால் பந்தியில் எல்லோரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து உட்காருகிறோம், கண் இலையில் இருக்கிறது, பேசாவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைப்பதில்லை, பேச வேண்டும் என்றால் "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டால் போதும், பேச்சு தானாக ஓடும், ஏனென்றால் இரண்டு பேருக்கும் பொதுவாக மணமேடையில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் போன விருந்தில் அப்படிப் பொதுவான ஆள் யாரும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும், வாயைத் திறக்காவிட்டால் உடனே தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்து "சாப்பிடும்போது பேசாதே" என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது பழக்கமில்லாத வேலை. பழக்கமில்லாததைத் தெரியாதது என்று நினைத்துவிட்டீர்கள்.

அதனால்தான் இதை ஒழுங்காக நடத்துகிறவர்கள் அந்தப் பொதுவான ஆளின் இடத்தில் எதையாவது வைக்கிறார்கள். ஜப்பானில் கோகோன் என்று ஒன்று உண்டு, ஆண்களும் பெண்களும் சரிசமமான எண்ணிக்கையில் உணவகத்தில் கூடுவார்கள், இரண்டு பக்கத்திலும் ஆளுக்கு ஒருவர் பொறுப்பாளராக இருந்து தன் நண்பர்களை அழைத்து வருவார், பாதியில் எல்லோரும் எழுந்து இடம் மாறி உட்காருவதும் வழக்கம். அந்த ஒரு இடமாற்றம் அன்று உங்கள் மேசையில் நடந்திருந்தால் நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள் என்றே தோன்றுகிறது. லிஸ்பனில் டைம்லெஃப்ட் என்ற நிறுவனம் 2023-இல் புதன்கிழமை இரவு விருந்துகளைத் தொடங்கி, அதன் பிறகு பல நாடுகளுக்குப் போனது. அவர்கள் முன்கூட்டியே கேள்விகள் கேட்டு, பதில்களை வைத்துப் பொருத்தி, ஒரு மேசைக்கு ஆறு பேர் என்ற கணக்கில் உட்கார வைக்கிறார்கள். ஆறு என்பது நல்ல எண், பிரிந்தாலும் மூன்று மூன்றாகப் பிரியும், யாரும் விடுபட மாட்டார்கள்.

சரி, அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரின் கேள்விகளுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். "ப்யூர் வெஜ்ஜா?" என்பது உணவு ஆர்டர் செய்யும்போது கேட்டால் சாதாரணக் கேள்வி. அதைத் தொடர்ந்து ஊர், ஊருக்குப் பிறகு தெரு என்று போனால் அவர் எதைத் தேடுகிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். சாதியை வாயால் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சாப்பாட்டின் வழியாகவும் தெருவின் வழியாகவும் கேட்கிறார்கள். பணம் கட்டிப் புது மனிதர்களைச் சந்திக்க வந்த இடத்தில் பழைய கணக்கெடுப்பு நடந்ததும் உங்களுக்கு உள்ளே ஏதோ மூடிக்கொண்டது, அதற்குப் பிறகு நீங்கள் அமைதியானீர்கள். அந்த அமைதி கூச்சத்தால் வந்ததாக நான் நினைக்கவில்லை, உங்கள் மானம் அது. அடுத்த முறை யாராவது தெருவரை வந்தால், "தெரு எதுக்குங்க, அங்கே குற்றாலம் பக்கம், சீசனுக்கு வந்திருக்கீங்களா?" என்று பேச்சைத் திருப்பிப் பாருங்கள், நல்ல மனதோடு கேட்டவர் குற்றாலத்துக்கு வந்துவிடுவார். மறுபடியும் தெருவுக்கே வருகிறவரிடம், "அதெல்லாம் நான் சொல்றதில்லை" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர் பக்கம் திரும்பிவிடுங்கள். சிரிக்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சங்கடமான இடத்தில் சிரித்துச் சமாளிக்கவே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள், எதிராளி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்.

"ஏன் இன்னும் கல்யாணம் பண்ணிக்கல?" என்பதற்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. "அமையல" என்ற ஒற்றைச் சொல் போதும். அந்தச் சொல்லுக்குப் பிறகு பேசாமல் இருக்கலாம், கேட்டவர்தான் அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மேசையில் நீங்கள் யாரைத் தேடினீர்கள்? உங்கள் கடிதத்தில் இரண்டு பசி தெரிகிறது. ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பேச ஆள் வேண்டும் என்பது. இன்னொன்று, வாழ்க்கைக்குத் துணை வேண்டும் என்பது. இரண்டும் நியாயமான பசிதான், ஆனால் இரண்டையும் ஒரே ராத்திரியில் ஒரே தட்டில் எதிர்பார்த்துப் போனால் அந்த விருந்து பெண் பார்க்கும் நிகழ்ச்சி மாதிரி ஆகிவிடும், சொஜ்ஜி பஜ்ஜிக்குப் பதில் பனீர், அவ்வளவுதான் வித்தியாசம். எதிரில் இருக்கும் ஒவ்வோர் ஆணையும் இவரா, இவர் இல்லையா என்று மனம் எடைபோட ஆரம்பித்துவிடும், பெண்கள் யாரும் கண்ணிலேயே பட மாட்டார்கள், அதோடு நம்மையும் யாரோ எடைபோடுகிறார்கள் என்ற பதற்றம் வந்து ஒட்டிக்கொள்ளும். வரன் பார்ப்பதில் இத்தனை நாள் அனுபவித்த களைப்பை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அபிப்பிராயம், இந்த விருந்துகள் முதல் பசிக்கு நல்லவை. இரண்டாவது பசிக்கு நேராக உதவுவது குறைவு, சுற்றி வளைத்து உதவும், அதாவது நான்கு புது மனிதர்கள் உங்கள் வாழ்க்கைக்குள் வந்தால் அவர்களுடைய நண்பர்கள், அண்ணன்கள், அலுவலகத்து ஆட்கள் என்று வட்டம் பெரிதாகும், அந்த வட்டத்தில் எங்கேயோ ஒருவர் இருக்கலாம். இருக்கிறார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் மாறும்.

மாறுவதற்கும் நேரம் பிடிக்கும். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், புது ஊருக்குப் போனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்பாக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்ல ஏறக்குறைய 90, நெருக்கமான நட்புக்கு 200-க்கும் மேல் என்று அவர் கணக்கிட்டார். மனிதருக்கு மனிதர் மாறும், இதைத் தராசு மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் உட்கார்ந்தது இரண்டு மணி நேரம், அதையும் எட்டாகப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு வருகிறது பாருங்கள். அந்த இரவில் யாரும் உங்களுக்கு நட்பாகாதது தோல்வியே இல்லை, யாருக்கும் அது நடக்காது. விருந்து என்பது முகம் பார்க்கிற இடம். நட்பு அதற்குப் பிறகு வரும் இரண்டாவது, மூன்றாவது சந்திப்புகளில் இருக்கிறது. அந்த இரண்டாவது சந்திப்பை யாராவது ஒருவர் கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும், பெரும்பாலும் யாருமே கேட்பதில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்குவார்கள், இரண்டு நாள் வணக்கம் போடுவார்கள், அப்புறம் அது தூங்கிவிடும்.

ஏன் யாரும் கேட்பதில்லை? மரியாதைக்குச் சொல்லியிருப்பார் என்று நீங்கள் எழுதினீர்களே, அதே காரணம்தான். முன்பின் தெரியாத இரண்டு பேரைப் பேச வைத்து, பிறகு தனித்தனியாகக் கேட்ட ஆய்வு ஒன்று, எரிக்கா பூத்பி என்பவரும் சகாக்களும் செய்தது, அதுவும் 2018-இல் வெளிவந்ததுதான். எதிராளிக்குத் தன்னை எவ்வளவு பிடித்தது என்று ஒவ்வொருவரும் ஊகித்த அளவு, உண்மையில் எதிராளிக்குப் பிடித்த அளவைவிடக் குறைவாகவே இருந்தது. கூச்ச சுபாவம் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஒரே விடுதியில் தங்கிய மாணவர்களிடம் பல மாதங்கள் வரைக்கும் இது நீடித்தது. அதாவது நீங்கள் வீட்டுக்கு வந்து அழுத அதே இரவில், எதிரில் இருந்த பெண்ணும், "அந்தத் தென்காசிப் பொண்ணுகிட்ட மாவுப்பூச்சியைப் பத்தியே பேசி போரடிச்சுட்டேன்" என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

மறுபடி போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள், இன்னும் இரண்டு முறை. ஆனால் அதே ஏற்பாட்டாளரிடம் போக வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மேசைக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், ஆறுக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். எந்த உணவகம் என்று தெரிந்ததும், முடிந்தால் போய்ப் பார்த்துவிடுங்கள் அல்லது ஒரு போன் போட்டு எட்டு மணிக்கு மேல் பாட்டு உண்டா என்று விசாரியுங்கள். பத்து நிமிடம் முன்னால் போய் நடு நாற்காலியில் உட்காருங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இந்தக் கடிதத்தில் நான் சொல்வதிலேயே உடனே பலன் தரக்கூடியது இதுதான். முதலில் வந்தவருக்கு இன்னொரு வசதியும் உண்டு, அடுத்து வருகிறவரை வரவேற்கும் ஆளாக நீங்கள் ஆகிவிடுவீர்கள், வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று சொல்லத் தெரிந்த நமக்கு அது இயல்பாக வரும்.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த 1,900 ரூபாய் உங்களை உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். ஆர்டர் எடுக்க சர்வர் வந்ததுமே, எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்குத் தனி பில் போட்டுடுங்க" என்று சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னால் கஞ்சத்தனம் மாதிரி தோன்றும், முதலிலேயே சொன்னால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், இன்னும் இரண்டு பேர் "எனக்கும்" என்பார்கள். அது முடியாவிட்டால் மதுவையாவது பிரிக்கச் சொல்லுங்கள். உணவுக்கு ஜிஎஸ்டி, மதுவுக்கு மாநில அரசின் வாட் வரி, அதனால் அதைத் தனியாகக் கணக்குப் பார்ப்பது சிரமமே இல்லை. குடிக்காதவர் குடித்தவருடைய பில்லைப் பங்கு போடுவது எந்த நாகரிகத்திலும் சேராது. சேவைக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் அதையும் எடுக்கச் சொல்லலாம். உணவகங்கள் அதைத் தாமாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் விதித்தது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பரிமாறியவருக்கு நீங்கள் விரும்பிக் கொடுப்பது வேறு, தாராளமாகக் கொடுங்கள்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு மாதிரி மெட்ரோ பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்தால் நேராக ஆலந்தூரில் இறங்கிவிடலாம், யாரும் "நான் டிராப் பண்றேன்" என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது. முதல் சந்திப்பில் யார் காரிலும் ஏறாதீர்கள், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும். வீடு எங்கே என்றால் "கிண்டி பக்கம்" என்பது போதும். எந்த உணவகம், எத்தனை மணி என்பது ஒரு தோழிக்குத் தெரிந்திருக்கட்டும்.

அம்மாவிடம் என்ன சொல்வது? ஒளித்து வைக்கிற அளவுக்கு நீங்கள் எதுவும் செய்யவில்லை. "தெரியாத ஆம்பளைங்களோட ராத்திரி சாப்பாடு" என்று தொடங்கினால் அவர் பயந்துவிடுவார், அந்தப் பயத்தில் தப்பும் இல்லை. "இங்க பேசவே ஆள் இல்லம்மா, அதான் நாலு பேரைத் தெரிஞ்சுக்கலாம்னு போனேன்" என்று தொடங்குங்கள், அதுதானே உண்மை. நீங்கள் தனியாக இருப்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு தனியாக இருக்கிறீர்கள் என்பதை, அந்த தண்ணீர் கேன் தம்பி விஷயத்தை, நீங்கள் அவரிடம் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றவில்லை. சொல்லுங்கள். கொஞ்சம் அழுவார். அதற்குப் பிறகு விருந்துக்குப் போய் வந்த இரவு பத்தரைக்கு, "வீட்டுக்கு வந்துட்டியா, யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்க உங்களுக்கு ஓர் ஆள் இருப்பார்.

கடைசியாக, நான் சொன்ன அந்தச் சாட்சி. ஒரு மாதம் ஆகிவிட்டது. அன்று அதிகமாகப் பேசியவர் என்ன பேசினார் என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. ஆனால் இரைச்சலுக்கு நடுவில் ஒருவர் சொன்ன மாவுப்பூச்சி உங்களுக்கு நினைவிருக்கிறது, அது கத்தரிச் செடியில் வந்தது என்பதும் நினைவிருக்கிறது, வயலில் வளர்ந்த பெண்ணாக அதற்கு மருந்தும் சொல்லியிருக்கிறீர்கள், அதைக் கேட்டுக்கொண்டு அவர் உங்கள் நம்பரை வாங்கியிருக்கிறார். பழகத் தெரியாதவர் இதில் எதைச் செய்வார், சொல்லுங்கள். அடுத்த விருந்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தச் சனிக்கிழமை காலையில் அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். நீளமாக எழுத வேண்டாம், இவ்வளவு நாள் கழித்து என்று மன்னிப்பும் கேட்க வேண்டாம். இப்படி அனுப்பலாம்: "வணக்கம், அன்னைக்குச் சாப்பாட்டில் உங்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன், தென்காசி. வேப்பெண்ணெய் அடிச்சுப் பார்த்தீங்களா, கத்தரி இப்போ எப்படி இருக்கு? நாளைக்குச் சாயங்காலம் நான் சும்மாதான் இருக்கேன், வந்து பார்க்கட்டுமா?"